கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: சரியான இடத்தில் வேகத்தைக் குறைத்து நிற்கக் கற்பது எப்படி?

விண்ணோடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற இந்தக் கணினி விளையாட்டில், மூன் என்னும் நிலவைச் சுற்றி 15 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் நிற்பது வரை எனக்குச் சிக்கல் ஏதுமில்லை. அதன் பிறகு இறங்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. முன்கூட்டியே எஞ்சினை இயக்கினால் தரைக்கு 3, 4 கி.மீ. மேலேயே கலம் நின்றுவிடுகிறது. மீண்டும் விழுந்து, மீண்டும் நிறுத்தி, எரிபொருள் தீர்ந்துபோகிறது. தாமதித்தாலோ தரையில் மோதுகிறது. விண்வெளி நிலையத்தை நெருங்கும்போதும் இதே நிலைதான். நிற்க நினைத்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறேன்.

என் கலத்தில் ஒரே ஒரு டெரியர் எஞ்சின் உள்ளது. இறங்கும் வேளையில் எடை ஏறத்தாழ 5 டன். எப்போது எஞ்சினை இயக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மாட்கள் (விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) இருப்பதை அறிவேன். அவற்றின் துணையின்றிக் கையாலேயே செய்யப் பழக விரும்புகிறேன். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று விளக்க முடியுமா?

ஏழாம்பாதை எழுதியது:

வணக்கம். உங்கள் கலத்தின் எண்களை வைத்தே பார்க்கலாம். டெரியர் வெற்றிடத்தில் 60 கிலோநியூட்டன் விசை தரும். 5 டன் கலத்துக்கு அது வினாடிக்கு 12 மீ/வி வேகத்தைக் குறைக்கும். மூனின் ஈர்ப்பு 1.63 மீ/வி² என்பதால், நேர்கீழாக விழும்போது உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது சுமார் 10.4 மட்டுமே. நிற்கத் தேவையான தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 50 மீ/வி வேகத்தில் விழுந்தால் 120 மீட்டர் போதும். 100 மீ/வி என்றால் 480 மீட்டர் வேண்டும். 200 மீ/வி என்றால் 1,900 மீட்டருக்கும் மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது என்பதைக் கண் தானாக உணராது. குறைந்த வேகத்தில் பழகிய கை அதிக வேகத்தில் தாமதித்துவிடுவதற்கும், அதற்கு அஞ்சி அடுத்த முறை மிக உயரத்திலேயே நிறுத்திவிடுவதற்கும் இதுவே காரணம்.

இனி முக்கியமான செய்தி. முழு விசையை நம்பித் திட்டமிடாதீர்கள். அப்படித் திட்டமிட்டால் தாமதமான அரை வினாடியை ஈடுகட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) மூன்றில் இரண்டு பங்கில் வைத்துக் கணக்கிடுங்கள். அப்போது நிகரமாகக் குறையும் வேகம் வினாடிக்கு சுமார் 6.4 மீ/வி, 200 மீ/வி வேகத்துக்கு 3,100 மீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு மனத்தில் வைத்திருக்க வேண்டியது ஒன்றுதான்: உயரம் நான்கில் ஒரு பங்காகும்போது வேகம் பாதியாகியிருக்க வேண்டும். 3,100 மீட்டரில் 200 மீ/வி இருந்தால், 780 மீட்டர் வரும்போது 100, 195 மீட்டர் வரும்போது 50. வேகம் அதைவிட அதிகமாக இருந்தால் திராட்டிலைக் கூட்டுங்கள். குறைவாக இருந்தால் தணியுங்கள். எரிபொருள் செலவாகச் செலவாகக் கலம் இலேசாகி, அதே திராட்டிலில் வேகம் இன்னும் விரைவாகக் குறையும். அந்தப் பிழை பாதுகாப்பான பக்கத்திலேயே விழுகிறது.

இந்தக் கணக்கு பக்கவாட்டு வேகத்தைப் பெரும்பாலும் நீக்கிய பிறகே பொருந்தும். 15 கி.மீ. பாதையில் உங்கள் வேகம் சுமார் 550 மீ/வி. அது முழுவதும் கிடைமட்டமானது. ரெட்ரோகிரேட் குறியை (கலம் செல்லும் திசைக்கு நேர் எதிர்த்திசையைக் காட்டுவது) நோக்கி எரிக்க எரிக்க, அக்குறி நாவ்பாலின் (திசைகளைக் காட்டும் உருண்டைக் கருவி) அடிவானத்திலிருந்து மேலேறி உச்சியை நெருங்கும். அது உச்சிக்கு அருகில் வந்துவிட்டால் நீங்கள் ஏறக்குறைய நேர்கீழாக விழுகிறீர்கள் என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள். நாவ்பாலின் மேலுள்ள வேகம் ‘சர்ஃபேஸ்’ (தரையைச் சார்ந்த வேகம்) என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். அது ‘ஆர்பிட்’ என்று இருந்தால், மூனின் சுழற்சியால் நிலநடுக்கோட்டருகே சுமார் 9 மீ/வி பக்கவாட்டு வேகம் உங்கள் கண்ணில் படாமலேயே தங்கிவிடும். தரையைத் தொட்டதும் கலம் கவிழ அதுவே போதும். அடுத்து, உயரமானி வழக்கமாகக் காட்டுவது தரையிலிருந்து உள்ள உயரத்தை அன்று. மூனின் மேடுகள் சில கிலோமீட்டர் உயரமானவை. பிந்தைய பதிப்புகளில் உயரமானியைத் தரையிலிருந்து அளக்குமாறு மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிப்பு என்றால் கலத்தின் உட்பகுதிக் காட்சியில் ரேடார் உயரமானி இருக்கிறது.

தென்திசை எழுதியது:

நிலையத்தை நெருங்குவது பற்றி நான் சொல்கிறேன். அங்கே ஈர்ப்பைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை என்பதால் விதி இன்னும் எளியது: நிற்க எத்தனை வினாடி எரிக்க வேண்டுமோ, அதில் பாதி நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். சார்பு வேகம் 60 மீ/வி, உங்கள் எஞ்சின் வினாடிக்கு 12 குறைக்கிறது என்றால் எரிக்கும் நேரம் 5 வினாடி. ஆகவே இலக்கை அடைய இரண்டரை வினாடி இருக்கும்போது, அதாவது 150 மீட்டர் தொலைவில் தொடங்கினால் இலக்கின் மேலேயே நிற்பீர்கள். இலக்கின் மேல் நிற்பது யாருக்கும் வேண்டாம். எனவே இலக்குக்குச் சில நூறு மீட்டர் முன்னால் ஒரு புள்ளியை மனத்தில் வைத்து அதற்கே கணக்கிடுங்கள்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு. வெறுமனே ரெட்ரோகிரேடில் எரித்தால் வேகம் குறையும், ஆனால் நிலையத்தை விட்டு விலகியே நிற்பீர்கள். நாவ்பால் ‘டார்கெட்’ (இலக்கைச் சார்ந்த வேகம்) நிலையில் இருக்கும்போது ரெட்ரோகிரேட் குறியும் இலக்குக்கு எதிர்த்திசைக் குறியும் ஒன்றன்மேல் ஒன்று அமர வேண்டும். எஞ்சினை இயக்கும்போது ரெட்ரோகிரேட் குறி கலத்தின் மூக்கை விட்டு விலகி ஓடும். ஆகவே அந்தக் குறிக்கு அப்பால், எதிர்த்திசைக் குறி இல்லாத பக்கத்தில் மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்து எரித்தால், ரெட்ரோகிரேட் குறியை எதிர்த்திசைக் குறியின் மேல் தள்ளிக் கொண்டுபோய் அமர்த்தலாம். இந்த ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டால் நிலையத்தைத் தாண்டிச் செல்வது பெரும்பாலும் நின்றுவிடும்.

கடைசி ஒரு கிலோமீட்டரில் தூரத்தை நூறால் வகுத்து வரும் எண்ணையே வேக வரம்பாகக் கொள்ளுங்கள்: 1,000 மீட்டரில் 10 மீ/வி, 100 மீட்டரில் 1 மீ/வி. இணைப்பின்போது 0.2 அல்லது 0.3 போதுமானது. இது மெதுவான வழி என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆர்சிஎஸ்ஸின் (கலத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும் குட்டி உந்திகள்) சிறிய விசையே இதற்குப் போதும், எந்தக் கணத்திலும் நிறுத்த முடியும்.

விண்ணோடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நான்கில் ஒரு பங்கு உயரம், பாதி வேகம் என்பது மிகத் தெளிவாக இருந்தது. இப்போது 200 மீட்டர் வரை ஒழுங்காக வந்துவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. எஸ்ஏஎஸ்ஸை (கலத்தின் திசையைத் தானாகப் பிடித்து வைக்கும் அமைப்பு) ரெட்ரோகிரேடில் வைத்து இறங்கும்போது, தரைக்குச் சற்று மேலே கலம் திடீரெனத் தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. ஏன்? மேலும், எவ்வளவு தாமதமாக எரிக்கிறோமோ அவ்வளவு எரிபொருள் மிச்சம் என்கிறார்களே. மூன்றில் இரண்டு பங்கு திராட்டில் வீண் செலவாகாதா?

நிலாத்தடம் எழுதியது:

கலம் புரள்வதற்குக் காரணம், நீங்கள் தேவைக்கு மேல் எரித்து ஒரு கணம் மேல்நோக்கி நகரத் தொடங்கிவிடுவதுதான். அந்தக் கணத்தில் ரெட்ரோகிரேட் திசை தரையை நோக்கித் திரும்புகிறது. எஸ்ஏஎஸ் அதைத் தொடர்ந்து கலத்தைத் திருப்புகிறது. வேகம் 5 மீ/வி-க்கு வந்ததும் எஸ்ஏஎஸ்ஸைச் சாதாரண நிலைநிறுத்தத்துக்கு மாற்றிவிடுங்கள். 5 டன் எடையில் திராட்டிலை ஏழில் ஒரு பங்கில் வைத்தால் விசையும் ஈர்ப்பும் சமமாகி வேகம் மாறாமல் நிற்கும். அதற்குச் சற்றுக் கீழே, சற்று மேலே என்று மாற்றி 2 மீ/வி-யில் இறங்குங்கள். கால்கள் தரையைத் தொட்டதும் விசைப்பலகையில் எக்ஸை அழுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

எரிபொருள் பற்றி: மூனில் அசையாமல் மிதக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் 1.63 மீ/வி டெல்டா-வி (வேகத்தை மாற்ற எரிபொருள் தரும் திறன்) செலவாகிறது. ஒரு நிமிடம் மிதந்தால் ஏறக்குறைய 100 மீ/வி. தாமதமாக எரிப்பது சிக்கனம் என்பது இதனால்தான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு திராட்டிலால் கூடும் செலவு, உயரத்திலேயே நின்று மறுபடி விழுவதன் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

உண்மையான நிலவின் ஈர்ப்பும் 1.62 தான் என்பதால் இஸ்ரோவின் அனுபவம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. சந்திரயான்-2-இன் விக்ரம் 2019 செப்டம்பரில் இறங்கியபோது, 30 கி.மீ. உயரத்திலிருந்து 7.4 கி.மீ. வரையிலான முதல் கட்டத்தில் வேகம் 1,683 மீ/வி-யிலிருந்து 146 மீ/வி-யாகத் திட்டப்படியே குறைந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்ததால், அடுத்த கட்டம் தொடங்கிய நிலை வடிவமைப்பின் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு விளக்கமளித்தது. அளவுக்கு மீறிக் குறைத்ததே அங்கே சிக்கலுக்கு வழிவகுத்தது என்பதைக் கவனியுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று வெற்றிகரமாக இறங்கிய சந்திரயான்-3, தரையிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் சற்றே மிதந்து, இறங்கும் இடத்தைப் பார்த்த பிறகே கீழே வந்தது. எரிபொருள் செலவைத் தெரிந்தே ஏற்ற இடம் அது. நீங்களும் அந்த அளவு உயரத்தில் சில வினாடிகளைச் செலவிடத் தயங்க வேண்டாம். சரிவில் இறங்கிக் கவிழும் இழப்பு அதைவிடப் பெரிது.

ஏழாம்பாதை எழுதியது:

பழகுவதற்கு மூனைவிட, விளையாட்டின் இன்னொரு நிலவான மின்மஸ் சிறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே ஈர்ப்பு 0.49 மட்டுமே, 200 மீட்டர் உயரத்திலிருந்து விழ மூனில் சுமார் 16 வினாடி ஆகுமென்றால், அங்கே ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். யோசித்துத் திருத்த அது தாராளமான நேரம். அதன் பரந்த சமவெளிகள் சரியாக 0 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், உயரமானி காட்டுவதே தரையிலிருந்து உள்ள உயரம். இறங்கத் தொடங்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமித்துவிடுங்கள். ஒரே இறக்கத்தை வெவ்வேறு திராட்டிலில் செய்து பார்க்கலாம். தரையைத் தொட்ட பிறகு கலம் துள்ளவோ வழுக்கவோ செய்தால், ஆர்சிஎஸ்ஸை இயக்கிக் கலத்தைக் கீழ்நோக்கிச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள், கால்கள் நிலைத்துவிடும்.