பள்ளி கம்ப்யூட்டர் லேபில் மகள் பார்த்த வீடியோ: வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்ன கேட்பது?

செல்லூர் தையல்காரம்மா:

வணக்கம். மதுரை செல்லூரில் இருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அதற்குள் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தவள் டிபன் பாக்ஸைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் டப்பாவைத் தரையில் கொட்டி, ஹூக்கைத் தனியாகவும் வளையத்தைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள். மனசு சரியில்லாதபோதுதான் அவள் அந்த வேலையைச் செய்வாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள். லேபில் கீழடி பற்றி ப்ராஜெக்ட். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். அகழாய்வு வீடியோ பார்த்து முடித்ததும் பக்கத்தில் வரிசையாக வந்த படங்களில் ஒன்றைக் கூட இருந்த பிள்ளை தொட்டிருக்கிறது. ஒரு பெண்ணை நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கிற வீடியோ. "சுடிதார் தோள் மூட்டுல தையல் விட்டு, கை தனியா தொங்குச்சும்மா" என்றாள். தையல்காரி மகள் அல்லவா, அவள் கண் அங்கேதான் போயிருக்கிறது.

மெஷினை நிறுத்தினால் அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. ஒரு வெட்டுத்துணியை வைத்து மிதித்துக்கொண்டே கேட்டேன். டீச்சர் எங்கே இருந்தார் என்றால், முன்னால் போர்டு பக்கம். டீச்சரிடம் சொன்னாயா என்றால், இல்லை, நெட்டை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்கிறாள்.

அப்புறம் இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜூன் மாதம் லேபில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கூகுள் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். பிறந்த வருஷம் சரியாகப் போட்டால் எடுத்துக்கொள்ளாது, 2000 என்று போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. என்னிடம் ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை.

நெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள், புது டிசைன் எல்லாம் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் "ஃபில்டர் போட்டிருக்கிறோம்" என்று பள்ளியில் சொன்னால், அது உண்மையா என்று என்னைப் போன்ற ஒருத்தி எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

மேலூர் அப்பா:

தங்கச்சி, எனக்கும் இரண்டு பொம்பளைப் பிள்ளைகள். படிக்கவே நெஞ்சு பதறுகிறது. என் அபிப்பிராயம் நேரானது. எட்டாவது வரைக்கும் நெட்டே தேவையில்லை என்று கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். கீழடியைப் பார்க்க வீடியோ எதற்கு? மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2023இல் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். பானை ஓட்டில் கீறிய எழுத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பிறகு என் சின்னவள் வீட்டில் உடைந்த ஓட்டில் எல்லாம் ஆணியால் கீறிக்கொண்டிருந்தாள். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போகிறேன். பள்ளிக்கூடமும் அதைச் செய்யட்டுமே.

உசிலம்பட்டி கணினி டீச்சர்:

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் மகள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நீங்கள் சத்தம் போட்டிருந்தால் இனி எதையும் சொல்லியிருக்க மாட்டாள். வெட்டுத்துணியை மிதித்துக்கொண்டே கேட்டீர்களே, அதற்கு மேல் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

நான் பதினோரு வருஷமாக லேப் எடுக்கிறேன். உங்கள் பள்ளி லேபில் மேஜைகள் எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வகுப்பறை மாதிரியே போர்டைப் பார்த்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். முன்னால் நிற்கிற டீச்சருக்குத் தெரிவதெல்லாம் மானிட்டரின் முதுகும் பிள்ளைகளின் நெற்றியும்தான். நடந்து போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் இடது கை ஆல்ட், டேப் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தித் திரையை மாற்றிவிடும். நான் போய்ச் சேரும்போது திரையில் பாடம் இருக்கும்.

எங்கள் லேபில் போன வருஷம் மேஜைகளைச் சுவரோரமாகத் தள்ளி, திரைகள் எல்லாம் அறைக்குள் பார்க்கிற மாதிரி திருப்பினோம். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. ஒயர் நீளம் போதாமல் இரண்டு சுருள் வாங்கினோம், அவ்வளவுதான் செலவு. இப்போது நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் இருபது திரையும் தெரிகிறது. எந்த ஃபில்டரையும்விட எனக்கு இதுதான் கை கொடுத்தது.

பிறந்த வருஷம் பற்றி. இந்தியாவில் 13 வயது ஆகாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது, பெற்றோர்தான் தொடங்கிக் கொடுக்க வேண்டும். நாற்பது பேர், நாற்பத்தைந்து நிமிட வகுப்பு. அதற்குள் முடிக்க வேண்டும் என்று இந்தக் குறுக்கு வழியில் போகிறார்கள். நானும் முன்னால் செய்திருக்கிறேன், தப்புதான். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றுதான் சொல்கிறது. அவர்கள் விவரத்தை நிறுவனங்கள் எடுத்துக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகையால் கையெழுத்து வாங்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் அந்த டீச்சரைத் தனியாக நிறுத்திக் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு டீச்சருக்கு நாற்பது பிள்ளை என்று போட்டது அந்த டீச்சர் இல்லை.

யாராவது பிள்ளையிடம் போட்டோ கேட்டாலோ, எதையாவது அனுப்பி மிரட்டினாலோ அது வேறு விஷயம். கூட்டம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே போன் போடலாம், சைபர் குற்றம் என்றால் 1930.

ஒத்தக்கடை நெட்வொர்க் தம்பி:

அக்கா, ஒயர் இழுத்து ரவுட்டர் மாட்டுகிற வேலைதான் எனக்கு, பள்ளிகளுக்கும் போவேன். "ஃபில்டர் இருக்கிறது" என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் பல இடத்தில் அது ரவுட்டரில் ஒரு டிஎன்எஸ் எண்ணை, அதாவது இணையதளத்தின் பெயரைச் சொன்னால் முகவரி எடுத்துத் தருகிற சர்வரின் எண்ணை, மாற்றியதுதான். 1.1.1.3 மாதிரி ஒன்று. ஆபாச இணையதளம் என்று பட்டியலில் இருந்தால் அந்த முகவரியே திறக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, யூடியூப் என்ற கட்டடத்துக்குள் ஆளை விடலாமா கூடாதா என்று மட்டும் பார்க்கும். உள்ளே போய் எந்த ரூமில் என்ன ஓடுகிறது என்று பார்க்காது.

உள்ளே கட்டுப்படுத்த யூடியூபிலேயே கட்டுப்பாட்டு முறை (Restricted Mode) என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். லேபில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில், நிறையப் பேர் பார்க்கிற சாதாரண வீடியோ ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். கீழே ஜனங்கள் எழுதிய கருத்துகள் தெரிகிறதா பாருங்கள். கட்டுப்பாட்டு முறை போட்டிருந்தால் கருத்துகள் தெரியாது. தெரிந்தால் போடவில்லை என்று அர்த்தம். அது போட்டிருந்தாலும் ஒன்றிரண்டு நழுவி வரத்தான் செய்யும், டீச்சர் சொன்ன மாதிரி ஆள் பார்வையும் வேண்டும்.

2000 என்று போட்ட கணக்கை முதலில் எடுத்துவிடுங்கள். 18 வயதுக்கு மேல் என்று யூடியூப் பூட்டி வைக்கிற வீடியோவெல்லாம் அந்தக் கணக்குக்குத் திறக்கும். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் என்கிற கூகுள் ஆப்பை இறக்கி, சரியான பிறந்த தேதியோடு புதுக் கணக்குத் தொடங்கலாம்.

செல்லூர் தையல்காரம்மா:

கூட்டம் முடிந்து எழுதுகிறேன். மேலூர் அண்ணன் சொன்னதை வேண்டாம் என்று தள்ளவில்லை. கீழடிக்கு வகுப்போடு கூட்டிப் போகலாமே என்று கேட்டேன், அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார்கள். நெட்டை நிறுத்தச் சொல்லி மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை அண்ணே. என் மகள் பயந்தது நடந்துவிடும், எல்லாப் பிள்ளைகளும் அவளைத் திட்டும்.

லேபைப் பார்க்க வேண்டும் என்றேன். தலைமை ஆசிரியை முதலில் தயங்கினார், அப்புறம் அவரே கூட வந்தார். டீச்சரம்மா சொன்னது அச்சு அசல். மேஜையெல்லாம் போர்டைப் பார்த்து இருக்கிறது. அவரைப் போர்டு பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து ஒரு சமையல் வீடியோவைப் போட்டேன். "மேடம், நான் என்ன பார்க்கிறேன் சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நடந்து வந்தார். வீடியோவுக்குக் கீழே கருத்துகளும் வரிசையாகத் தெரிந்தன. அதையும் காட்டினேன். எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் காட்டிவிட்டேன்.

மேஜையை விடுமுறையில் திருப்புவதாகச் சொன்னார். ஏழாம் வகுப்புக் கணக்குகளை எடுத்துவிட்டு, இனி வீட்டுக்குக் காகிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்கித்தான் தொடங்குவார்களாம். மகளின் பழைய கணக்கை நேற்று ராத்திரி நானும் அவளும் உட்கார்ந்து எடுத்துவிட்டோம்.

தம்பி, ஒரு சந்தேகம். லேப் பார்க்கிறவர் அன்றைக்கே ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து அந்தக் கட்டுப்பாட்டு முறையைப் போட்டார். பிள்ளைகள் அதை எடுத்துவிட முடியுமா?

ஒத்தக்கடை நெட்வொர்க் தம்பி:

முடியும் அக்கா. பிரவுசரில் போட்டதைப் பிரவுசரிலேயே எடுத்துவிடலாம், ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அரை நிமிட வேலை. நெட்வொர்க்கிலேயே டிஎன்எஸ் வழியாகப் போடச் சொல்லுங்கள். வாசல் வாட்ச்மேனே யூடியூபுக்குப் போகிற எல்லோரையும் கட்டுப்பாட்டு முறை போட்ட வாசல் வழியாக மட்டும் விடுகிற மாதிரி அது, அப்போது அந்தக் கட்டுப்பாட்டை அவர்களால் பிரவுசரில் மாற்ற முடியாது. யூடியூபின் உதவிப் பக்கத்தில் எப்படி என்று இருக்கிறது, லேப் பார்க்கிறவர் படித்தால் புரியும். அப்புறம் திங்கள்கிழமை மறுபடி போய்க் கருத்துகள் தெரிகிறதா என்று பாருங்கள்.