பழைய சுண்ணாம்புச் சுவர், டைல்ஸ், இரும்பு: டிரில்லிங் மெஷினில் எங்கே தவறுகிறேன்?

இராயபுரம்வாசி:
காசிமேட்டுக்கு அருகே, தாத்தா காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய வீட்டில் வசிக்கிறோம். அலமாரி மாட்டுவதற்காக ஹேமர் (சுழலும்போதே சுத்திபோல் இடிக்கும்) வசதியுள்ள டிரில்லிங் மெஷின் வாங்கினேன். கூடத்துச் சுவரில் 6 மி.மீ. துளை போட முயன்றபோது, காரை பொலபொலவென உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்குத் துளை அகன்றுவிட்டது. சமையலறையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது. ஜன்னல் இரும்புப் பட்டையிலோ புது பிட்டின் (துளையிடும் அலகின்) முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிட்டது. தவறு எங்கே என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திருவொற்றியூர் ஃபிட்டர்:
ஐயா, ஹேமர் என்பது கான்கிரீட்டுக்கானது. உங்கள் சுவரில் அதை அணைத்துவிட்டு, கான்கிரீட் பிட்டை வெறுமனே சுழலவிட்டாலே போதும். முதலில் 4 மி.மீ. துளை போட்டு, உதிரும் பொடியின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பாக வந்தால் செங்கல், வெள்ளையாக வந்தால் காரை. காரையில் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்) பிடிக்காது என்பதால், சற்றுத் தள்ளிச் செங்கல்லில் போடுங்கள்.

டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட் தனியாகக் கிடைக்கும். குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டினால் முனை வழுக்காது. ஹேமர் இல்லாமல், குறைந்த வேகத்தில், இடையிடையே ஆறவிட்டுத் துளையுங்கள்.

இரும்பில் நீலம் பாய்ந்ததற்கு அதிவேகத்தில் சுழன்றதால் எழுந்த சூடே காரணம். சென்டர் பஞ்சால் (கூர்முனை கொண்ட எஃகு உளியால்) ஒரு குழி தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாக, ஆனால் அழுத்தம் குறையாமல் துளையுங்கள். சாதாரண இரும்பில் 10 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று போதும். பிட் மறுபுறம் வெளிவரும் நொடியில் சிக்கிக்கொண்டு மணிக்கட்டையே முறுக்கிவிடும். ஆகவே அப்போது அழுத்தத்தைத் தளர்த்தி, மெஷினை இரு கைகளாலும் பிடியுங்கள். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட்டில் அது சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும்.

வண்ணாரப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் செல்லும். பழைய வீடுகளில் அது குறுக்காகவும் ஓடியிருக்கக்கூடும். ஐயம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி மெஷினால் துளையிடுங்கள். பிட் மாற்றும்போது மெஷினின் மின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கடற்காற்றில் சாதாரண ஸ்க்ரூ விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவையே வாங்குங்கள்.

இராயபுரம்வாசி:
இருவருக்கும் நன்றி. இன்று ஹேமரை அணைத்துவிட்டுத் துளையிட்டேன். இரண்டாம் இடத்தில் சிவப்புப் பொடி வந்தது, பிளக் இறுக்கமாக நிற்கிறது. பர்மா தேக்குக் கதவில் தாழ்ப்பாளுக்குத் துளை போட வேண்டும். மறுபுறம் சிராய் பெயராமல் இருக்க என்ன செய்யலாம்?

திருவொற்றியூர் ஃபிட்டர்:
கதவின் பின்பக்கம் ஒரு வேண்டாத பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கி, மர பிட்டால் அந்தப் பலகைக்குள் இறங்கும்வரை துளையுங்கள். தேக்கு பெயராது.