கொடிமலையில நீங்க நேர்ல பார்த்த உயிருங்க – அனுபவத்த எழுதுங்க

ஆயர் ஈத்தாம்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஆளுங்க பினாங்கு கொடிமலைக்கு, அதான் பினாங் ஹில்லுக்கு, போனா ரயில்ல ஏறி, மேல முருகன் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, ஜார்ஜ்டவுன் தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு எறங்கிடுவாங்க. சந்தோசமான விசயம்தான், வேணாம்னு சொல்லல. ஆனா அந்தத் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கறது எப்பேர்ப்பட்ட காடுன்னு நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தெரியணும்னு எனக்கு ரொம்ப ஆச. 2021 செப்டம்பர்ல யுனெஸ்கோ இத உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சாங்க, மொத்தம் 12,481 ஹெக்டேர், மலை மட்டும் இல்ல, பொட்டானிக்கல் கார்டன், தெலுக் பஹாங் பக்கம் இருக்கற தேசியப் பூங்கா, அத ஒட்டின கடல் எல்லாம் சேத்து. தாசேக் சினி, சபாவுல குரோக்கர் மலை, அதுக்கடுத்து மலேசியாவுல மூனாவது இதுதான்.

நான் பார்த்தத சொல்றேன். பொட்டானிக்கல் கார்டன்லேர்ந்து மேல போற ஜீப் ரோடு இருக்குல்ல, அஞ்சு கிலோமீட்டர், நல்லா செங்குத்தா ஏறும், அதுல காலையில வெயில் வர்றதுக்கு முன்னாடி ஏறிக்கிட்டு இருந்தேன், தலைக்கு மேல எல சலசலன்னு ஆடுது, நிமிந்தா லோத்தோங் கூட்டம், எல தின்ற கொரங்கு. சாம்பல் ஒடம்பு, கண்ண சுத்தி வெள்ள வளையம். ஒரு தாய்க்கொரங்கு கெளையில ஒக்காந்து கொழுந்து எலையா பாத்து பாத்து பறிக்குது, முத்தின எலைய தொடவே இல்ல, காம்ப கடிச்சி கீழ போடுது. அது வயித்துல ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி, அப்படியே பளிச்சுன்னு ஆரஞ்சு கலரு! பொறக்கும்போது அப்படித்தான் இருக்குமாம், மாசம் போகப்போக சாம்பலா மாறிடும். குட்டி கைய நீட்டி அம்மா வாயில இருக்கற எலைய புடுங்குது, அந்தம்மா ஒன்னும் சொல்லாம இன்னொன்ன பறிச்சிக்குது. எவ்ளோ நேரம் நின்னேன்னே தெரியல, எனக்குப் பின்னால வந்த ஒரு சீனத் தாத்தாவும் பேசாம நின்னு பாத்துட்டு கைய காட்டிட்டு போனாரு.

இந்தக் கொரங்கு இப்ப அழியற நெலமைக்குப் போய்க்கிட்டு இருக்கற பட்டியல்ல இருக்கு. அதனால ஒரே ஒரு விண்ணப்பம், ரொட்டி, பிஸ்கட் போடாதீங்க. எலைய புளிக்க வச்சி செரிக்கற மாதிரி வயிறு அதுக்கு, நம்ம இனிப்பு அதுக்கு ஆகவே ஆகாது. கெராவுக்கும், அதான் நீள வால் கொரங்குக்கும், போடாதீங்க, போட்டுப் போட்டுத்தான் அது பைய புடுங்கற அளவுக்கு வந்துருச்சு.

நீங்க பார்த்தத எழுதுங்க.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா, அருமையா சொன்னீங்க. நான் பார்த்தது கூபோங், மரத்துக்கு மரம் சறுக்கிப் போற மிருகம், இங்கிலீஷ்ல கொலுகோம்பாங்க. மேல ராத்திரி நடக்கக் கூட்டிட்டுப் போற வழிகாட்டி ஒருத்தரோட போனோம், அவரு செவப்பு லைட்ட ஒரு மரத்துல அடிச்சி அந்தா பாருங்கன்னாரு, எனக்கு மரப்பட்டதான் தெரிஞ்சிச்சி. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தப்பதான் பட்டையில ரெண்டு பெரிய கண்ணு. நெறமும் பாசி புடிச்ச பட்ட மாதிரியே இருக்கு. கழுத்துலேர்ந்து கை, கால், வால் நுனி வரைக்கும் ஒரே தோலு, அதுக்குள்ள குட்டிய வச்சி மூடிக்கிட்டு இருந்திச்சி, குட்டி மூக்கு மட்டும் வெளிய. அப்பறம் ரெண்டு எட்டு மேல ஏறி அப்படியே பாஞ்சிருச்சி பாருங்க, சத்தமே இல்ல, இருட்டுல ஒரு சதுரத் துணி போற மாதிரி போயி எதிர்ப்பக்க மரத்துல ஒட்டிக்கிச்சி. பறக்கறது இல்ல, சறுக்கறதுதான், ஆனா நூறு மீட்டருக்கு மேலயும் போகுமாம். இதுல முக்கியமான விசயம், கூபோங்குக்கு தரையில நடக்க வராது, தடுமாறும். நடுவுல ரோடு போட்டு மரத்த வெட்டி இடைவெளி பெருசாயிருச்சின்னா அது பாடு கஷ்டம். லோத்தோங்கும் ரோட்டக் கடக்கும்போது காடியில அடிபடுது. தெலுக் பஹாங்ல 2019ல பழைய தீயணைப்பு ஹோஸ வச்சி ரோட்டுக்கு மேல கொரங்குக்குப் பாலம் கட்டினாங்களே, அந்த மாதிரி இன்னும் நெறைய வேணும்.

பள்ளிக்கூட டீச்சர்:
நான் சொல்றது மிருகம் இல்ல, செடி. பெரியோக் கெரா, அதான் பூச்சி புடிக்கற குடுவைச் செடி. உச்சிப் பக்கம் ஈரமான மேட்டுல வளந்திருந்திச்சி. அந்தக் குடுவையோட வாய்க்குக் கீழ மெல்லிசா வெள்ளக் கோடு ஒன்னு ஓடும், கிட்டப் பாத்தா அது பூராம் சின்னச் சின்ன முடி. கரையானுக்கு அந்த முடி தீனி. மேயறதுக்கு கூட்டமா வரும், விளிம்புல நெரிசலாகி உள்ள விழும், செடி அத செரிச்சிக்கும். நான் பாத்ததுல ஒரு குடுவையில வெள்ளக் கோடு சுத்தமா மேஞ்சி போயிருந்திச்சி, எட்டிப் பாத்தா உள்ள கரையான் நெறஞ்சி கெடக்கு. பக்கத்துக் குடுவையில கோடு அப்படியே இருக்கு, உள்ள தண்ணியில ஒன்னு ரெண்டு எறும்புதான். மலை மண்ணுல சத்து கம்மி, அதுக்கு செடி கண்டுபுடிச்ச வழி இது. தயவு செஞ்சி யாரும் புடுங்கிட்டு வந்து வீட்டுல வைக்காதீங்க.

பழைய ரயில் ரசிகர்:
எனக்கு வயசாயிடுச்சி, இப்ப நடக்க முடியாது. செவப்பு ரயில் ஓடின காலத்துல பாதி வழியில எறங்கி மாறணும், அரை மணி நேரம் ஆகும், ஆனா மெதுவா போனதால காட்ட நல்லா பாக்கலாம், கதவோரமா நின்னா குளுந்த காத்தும் பூ வாசமும் மொகத்துல அடிக்கும். 2011லேர்ந்து புது ரயில் ஒரே மூச்சுல ஏறிடுது.

ஒன்னு மட்டும் சின்னவங்க தெரிஞ்சிக்கணும். இந்த மலை கருங்கல்லு, அதுக்கு மேல மழையில ஊறி இளகின மண்ணு. அந்த மண்ண புடிச்சி வச்சிருக்கறது மரத்து வேருதான். 2017 நவம்பர் 4, 5 ராத்திரி பேஞ்ச மழை யாருக்கும் மறந்திருக்காது, மலையில எத்தன எடத்துல மண்ணு சரிஞ்சிச்சி, கீழ எங்க வீட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. 250 அடிக்கு மேல கட்டடம் வேணாம்னு பினாங்குல விதி வச்சிருக்கறது அழகுக்காக மட்டும் இல்லய்யா, உசுருக்காக. மலைக்கு கேபிள் கார் போடற திட்டம் பத்தியும் எனக்கு அந்தக் கவலதான். எத்தன மரம் போகுது, எங்க போகுதுன்னு ஜனங்க கேட்டுக்கிட்டே இருக்கணும்.

சுங்கை டுவா அம்மா:
சின்னப் பிள்ளைங்கள அந்த ஜீப் ரோட்டுல கூட்டிட்டுப் போலாமா? எனக்கு பாம்பு பயம்.

ஆயர் ஈத்தாம்காரி:
பத்து வயசுக்கு மேலன்னா தாராளமா போலாம்மா, சின்னதுங்கன்னா ரயில்ல ஏறி மேல நடந்துட்டு வாங்க, உச்சியில டவுன விட நல்லா குளிரும், ஒரு சட்டை எடுத்துக்குங்க. பாம்பு இருக்கு, பாம்புக் கோயில்ல இருக்கற அதே பச்ச விரியன் காட்டுலயும் கெளையில சுருண்டு ஒக்காந்திருக்கும், நாள் கணக்கா அசையாது, நாம கைய வைக்காத வரைக்கும் அது நம்மள கண்டுக்காது. அதனால கம்பிய, கெளைய புடிக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் புடிக்கச் சொல்லுங்க. மழ பேஞ்ச மறுநாள் வேணாம், ரோடு வழுக்கும். காலையில ஏழு மணிக்குள்ள ஜீப் ரோடு ஆரம்பிக்கற எடத்துக்கு வந்துட்டீங்கன்னா லோத்தோங் பாக்க வாய்ப்பு அதிகம்.