தூத்துக்குடி பற்றிய புத்தகங்கள் தேவை

நண்பர்களே, வணக்கம். எங்கள் தெரு வாசகசாலையில் தூத்துக்குடிக்கென்று தனி அலமாரி வைக்கிறோம். வரலாறு, அரசியல், ஊர்கள் பற்றிய நூல்கள் மட்டும். 1908 கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி. கைதானதும் நெல்லையில் வெடித்த எழுச்சி ஆகியவற்றுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதியின் நூல் கிடைத்துவிட்டது. கால்டுவெல்லின் 1881 திருநெல்வேலி வரலாறு எங்களிடம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளும் படிக்கிற மாதிரி நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு எது?

அப்புறம், முத்துக்குளிப்பு, உப்பளத் தொழிலாளர்கள் பற்றி என்ன வாங்கலாம்? உப்பளம்தான் ரொம்ப முக்கியம். இங்கே வருகிறவர்களில் பலர் வீட்டில் யாராவது உப்பு வாரியவர்கள். அவர்கள் பாடு இந்த அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டும். கொற்கை, காயல்பட்டினம், ஆதிச்சநல்லூர் பற்றிய சிறு நூல்களும் சொல்லுங்கள். அச்சில் இல்லையென்றால் பழைய பிரதி எங்கே கிடைக்கும் என்று சொன்னால் போதும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.