கேம்ரியும் ஷூ பாலிஷும்: வீட்டுக் காரை டிராக் ஸ்ட்ரிப்பில் அளந்த அனுபவங்கள்

டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது கேம்ரி வி6 ஆட்டோமேட்டிக். வாரம் முழுக்க ஆபீஸ், பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, காய்கறிக் கடை என்று ஓடும் வண்டி. போன மாதம் பின்சீட்டிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு என்னிஸில் இருக்கும் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸுக்குப் போனேன். டிராக் ஸ்ட்ரிப், அதாவது இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயப் பாதை. 1986-ல் கட்டிய இடம், கால் மைலும் கான்கிரீட்.

நான் போனது பிராக்கெட் போட்டிக்கு. என் கார் எத்தனை நொடியில் கால் மைல் போகும் என்று நானே கணித்து, வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். அதுதான் டயல் இன். இரண்டு கார்களின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு மெதுவான காரை முன்னால் விடுவார்கள். எழுதிய எண்ணை விட வேகமாகப் போய்விட்டால் பிரேக் அவுட், அவுட். ஆகவே வேகம் இங்கே செல்லாத காசு. சொன்ன சொல் தவறாத கார்தான் வேண்டும்.

பயிற்சியில் ஐந்து முறை ஓடினேன்: 14.62, 14.51, 14.83, 14.55, 14.58. சராசரி 14.62. சிறந்ததற்கும் மோசமானதற்கும் இடையே 0.32 நொடி. பிராக்கெட்டில் இது மகா கேவலம். கார்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, ஸ்பார்க் பிளக் வரைக்கும் சந்தேகப்பட்டேன்.

பக்கத்தில் பழைய மினிவேனோடு ஒரு பெரியவர் இருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரும் நேரச் சீட்டான என் டைம் ஸ்லிப்களை வாங்கிப் பார்த்தார். முதல் அறுபது அடி நேரத்தை மொத்த நேரத்திலிருந்து கழித்துப் பார் என்றார். என் அறுபது அடி நேரங்கள் 2.27, 2.21, 2.44, 2.23, 2.25. கழித்தால் வருவது 12.35, 12.30, 12.39, 12.32, 12.33. வித்தியாசம் வெறும் 0.09! முடிவுக்கோட்டு வேகமும் ஐந்து முறையும் மணிக்கு 97 மைல் சொச்சம்தான். கார் யோக்கியம், கிளம்புகிற ஆள்தான் ஆட்டம் காட்டுகிறான்.

அந்த 14.83-க்கும் காரணம் கிடைத்தது. மற்றவர்கள் டயரைச் சூடேற்றத் தண்ணீர் தெளித்த இடத்தில் நானும் ஜம்மென்று ஏறிப் போயிருக்கிறேன். சாதாரண டயரின் பள்ளங்களில் நீர் தங்கி, கோடு வரை கூடவே வந்து, முன்சக்கரம் சுழன்று, வழுக்கலைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அமுக்கிவிட்டது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.

சரி என்று 14.55 எழுதினேன். முதல் சுற்றில் 12.10 எழுதிய ஒரு மஸ்டாங். எனக்கு 2.45 நொடி முன்னால் பச்சை விளக்கு. நான் தூங்கி வழிந்து என் பச்சைக்கு 0.412 நொடி கழித்துக் கிளம்பினேன், 14.58 ஓடினேன். அவர் 0.095-ல் கிளம்பி 12.07 ஓடினார். என்னை விடக் கிட்டத்தட்ட அறுபது அடி முன்னால் கோட்டைத் தாண்டியும் தோற்றார், எழுதியதை விட 0.03 வேகம். கொஞ்சம் பிரேக்கைத் தொட்டிருந்தால் போதும், ஜெயித்திருப்பார். இரண்டாம் சுற்றில் என்னைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்தது அந்த மினிவேன் பெரியவர்தான். எழுதியது 16.90, ஓடியது 16.91. அவருடைய நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், டயர் காற்று, டேங்கில் பெட்ரோல் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன, மளிகைக் கணக்கு மாதிரி.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

—

ப்ரோ, காற்றை அந்தப் பெரியவர் எழுதி வைப்பது சும்மா இல்லை. நான் டென்வரில் இருந்தபோது பாண்டிமியர் ஸ்பீட்வேயில் மாஸ்டா 3 ஓட்டியிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போல சக்தி இழக்கும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. என் கார் அங்கே ஏறினால் மாட்டு வண்டி. அதுகூடப் பரவாயில்லை, ஒரே நாளிலேயே எண் மாறும். மாலை நாலு மணி வெயிலில் 17.31 ஓடியது, இரவு ஒன்பதுக்கு 17.05. நான் ஒன்றுமே செய்யவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருந்தது, அவ்வளவுதான். நாலு மணி ஓட்டத்தை வைத்து எழுதிய டயலை மாற்றாமல் ராத்திரி ஓடி, முதல் சுற்றிலேயே பிரேக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம். காலை ஓட்டத்தையும் இரவு ஓட்டத்தையும் ஒரே மூட்டையில் போட்டுச் சராசரி எடுப்பதில்லை. கிட்டத்தட்ட ஒரே காற்றில் ஓடியவற்றை மட்டும் ஒப்பிடுவேன். பாண்டிமியரை 2023 சீசனோடு மூடிவிட்டார்கள். மலைச்சரிவில் உட்கார்ந்து பார்ப்போம், நல்ல இடம்.

—

ஓசூர். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை, அதனால் கார் ஓட்டாமலே கருத்துச் சொல்கிறேன், மன்னிக்கவும். அந்த ஐந்து எண்ணில் ஒரு தண்ணீர் ஓட்டம் சராசரியை 14.62-க்கு இழுத்துவிட்டது பாருங்கள். வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 14.58. காரணம் தெரிந்த பிசகைத் தள்ளலாம். காரணம் தெரியாததைத் தள்ளினால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள். அந்த 14.83-ஐ எடுத்துவிட்டால் மீதி நாலுக்கும் வித்தியாசம் 0.11தான்.

—

சென்னை, போலோ டிஎஸ்ஜி. நம் ஊரில் கார் வைத்திருப்பவனுக்கு டைம் ஸ்லிப் கிடைப்பதே அபூர்வம். அப்பா சோழவரம் விமானத்தளத்தில் ரேஸ் பார்த்த கதையைச் சொல்லியே என்னை வளர்த்தார். நான் ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடந்த ‘வேலி ரன்’ டிராக் போட்டிக்காகப் புனே பக்கம் வரை ஓட்டிக்கொண்டு போனேன். கூடவே டேஷ்போர்டில் ஒட்டும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்று.

அங்கே முதல் குழப்பம். அவர்கள் கொடுத்த நேரம் 17.24, என் பெட்டி காட்டியது 17.50. பெட்டி மட்டமான சரக்கு என்று நண்பனிடம் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஸ்ட்ரிப்பில் சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் ஒரு அடி போல உருண்டிருக்கும். என் பெட்டியோ அசைந்த கணத்திலிருந்தே எண்ணுகிறது. ‘ஒரு அடி ரோல் அவுட்’ என்ற அமைப்பை ஆன் செய்ததும் இரண்டும் ஒட்டி வந்தன. இந்த ஒளிக்கற்றை விஷயம் ஓட்டுநருக்கும் பொருந்தும். கோட்டில் நிற்கும்போது, சக்கரம் ஒளிக்கற்றையைத் தொட்டதைக் காட்டும் இரண்டாவது பல்பு எரிந்த உடனே நிற்பதும், இன்னும் ஓர் அங்குலம் ஊர்ந்து நிற்பதும் வேறு வேறு நேரம் தரும். தினமும் ஒரே இடத்தில் நிற்கப் பழகாமல் நூறில் ஒரு பங்கு நொடியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, சூடு. டர்போ காரை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினேன்: 17.24, 17.41, 17.78. டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தொட்டால் தோசைக்கல். ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்த பிறகு 17.27.

பெட்டி வாங்கியவுடன் நள்ளிரவில் ஓஎம்ஆருக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு: வேண்டாம். ரோட்டின் சரிவு ஒன்றே உங்கள் எண்ணைக் குப்பையாக்கும். எதிரே நாய் வந்தால் எண்ணே இருக்காது.

—

டல்லாஸ்காரன் மறுபடியும். எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். டேங்க் கால் பங்கு, டயரில் காற்று ஒரே அளவு, ஏசி அணைப்பு, தண்ணீரைச் சுற்றிப் போனேன். காரின் கணினியைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியில் கூலன்ட் 85 டிகிரி காட்டினால்தான் வரிசையில் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். பெடலையும் ஓங்கி மிதிக்காமல், ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் முழுசாக இறக்குவதைப் பழகினேன். நாலு ஓட்டம், எல்லாம் சூரியன் இறங்கிய பிறகு: 14.54, 14.56, 14.53, 14.56.

வித்தியாசம் 0.03. மனைவிக்குப் போட்டோ அனுப்பினேன், “பால் வாங்கி வரவும்” என்று பதில் வந்தது.

ஸ்லிப்பில் இருந்த இன்னோர் எண்ணை மட்டும் நான் பார்க்கவேயில்லை: பச்சை எரிந்த பிறகு கிளம்ப நான் எடுத்த நேரம். ரியாக்‌ஷன் டைம் என்ற இது கால் மைல் நேரத்தில் சேராது. பச்சைக்குப் பிறகு நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் 14.54, 14.54தான். அந்த நாலு ஓட்டத்திலும் அது 0.38, 0.12, 0.29, 0.05 என்று இஷ்டத்துக்கு இருந்திருக்கிறது. 14.54 என்று எழுதிவிட்டு முதல் சுற்றில், பச்சைக்கு முன் கடைசியாக எரியும் மூன்றாவது மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் மிதித்தேன். பச்சை வர 0.011 நொடி பாக்கி இருந்தது. முந்திக் கிளம்பியதால் சிவப்பு விளக்கு, அவுட். கார் அன்றைக்கும் 14.55 ஓடியது.

13.99-ஐத் தொட்டால்தான் ஹெல்மெட் கட்டாயம். எனக்குத் தேவையில்லை என்பதால், தலையில் அடித்துக்கொள்ள வசதியாக இருந்தது.