பேசப் பேச நாக்கு சோர்கிறது, அடுத்து எந்தச் சோதனை?

பெரம்பூரில் டியூஷன் எடுக்கிறேன், வயது 38. தீபாவளிக்கு அப்புறம், சாயங்கால வகுப்பில் கொஞ்ச நேரம் பேசினாலே நாக்கு கனத்துவிடுகிறது. பதினோராம் வாய்ப்பாட்டில் ‘எழுபத்தேழு’ வரும்போது குழறுகிறது. வாயை மூடி உட்கார்ந்தால் சரியாகிவிடும். காலையில் ஒன்றுமே இல்லை.

விழுங்குவதில் சிக்கல் இல்லை, இமை தொங்கவில்லை, பார்வை இரட்டையாகத் தெரியவில்லை. கண்ணாடியில் நாக்கை நீட்டினால் ஓரம் துடிக்கிறது. நீட்டினால் யாருக்குமே அப்படித்தான் என்கிறாள் மனைவி.

பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருவரும் பயமில்லை என்றார்கள். பி12, தைராய்டு, சர்க்கரை நார்மல். தசையை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏஎல்எஸ் நோயோ என்ற பயம் ஒருபக்கம். ஆனால் ஓய்வெடுத்தால் தெளிவது மயஸ்தீனியா கிராவிஸின் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) குணம் என்பதால் அதுதான் அதிகம் உறுத்துகிறது.

இதே தொந்தரவோடு சென்னையில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தவர்களே, உங்களுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையா, தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈஎம்ஜியா?