மறு: போல் டான்ஸ் கலைச்சொற்கள் – ‘கம்பத்தாட்டம்’ வேண்டாம், கம்பியைப் பிடிப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நேராக நிற்கும் உலோகக் குழாயைப் பிடித்து ஏறி, சுற்றி, தொங்கி ஆடும் ‘போல் டான்ஸ்’ (pole dance) ஆட்டத்துக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் இழையில், சென்ற வாரம் ‘கம்பத்தாட்டம்’ என்ற சொல்லை முன்வைத்தவள் நான்தான். இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன். ஈரோட்டு அண்ணன் எழுதியது சரி. கொங்குப் பக்கம் மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டு, அதைச் சுற்றி ஆடுவதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் ஆடப்படுகிற ஓர் ஆட்டத்தின் பெயரை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டக் கூடாது. மொரீசியஸில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அண்ணனுக்கு நன்றி.

அதற்காக ‘போல் நடனம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் ‘போல்’ என்று எழுதிய உடனே அது உவமை உருபு ஆகிவிடுகிறது. மயில்போல், குயில்போல் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு ‘போல் நடனம்’ என்றால் ஏதோ ஒரு சொல் விட்டுப்போன மாதிரி இருக்கும். வகுப்பில் நான் பலகையில் எழுதியதைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள்: “எதைப் போல, மிஸ்?”

‘தூணாட்டம்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதிலும் இதே சிக்கல்தான். “தூணாட்டம் நிக்கிறான்” என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே ஆட்டம் என்றால் ‘மாதிரி’. ‘கம்ப நடனம்’ என்றால் எனக்கு உடனே கம்பராமாயணம்தான் நினைவுக்கு வருகிறது. கம்பர் எழுதிய நடனமோ என்று தோன்றும். டர்பன் ஐயா சொன்ன ‘கழையாட்டம்’தான் இவற்றில் மிக அழகானது. கழைக்கூத்து சங்க காலத்திலிருந்து வருகிற கலை, கயிற்றின் மேல் நடந்த ஆடுமகளைப் பாட்டிலேயே பார்க்கிறோம். ஆனால் ஐயா, எங்கள் தீவில் ழகரம் பெரும்பாலான வாய்களில் லகரமாகத்தான் வருகிறது. கழையாட்டம் இங்கே கலையாட்டம் ஆகிவிடும். பிள்ளைகளின் நாக்கைக் குறை சொல்லி ஒரு கலைச்சொல்லை ஆரம்பிக்க எனக்கு மனமில்லை.

இனி என் புதிய முன்மொழிவு: கம்பி. கம்பி நடனம்.

சென்னைக்கு ஒரு முறை வந்திருந்தபோது கூட்டமான நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போனேன். வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது நடத்துநர், “கம்பியைப் பிடிச்சுக்கம்மா” என்றார். தரையிலிருந்து கூரை வரை நேராக நிற்கும் எஃகுக் குழாய், ஒரு கையால் பிடிக்கும் பருமன். நாங்கள் வாரம் இரண்டு நாள் ஏறி இறங்குவதும் அதே பொருள்தான். தூணைக் கட்டிக்கொள்ளலாம், கைக்குள் பிடிக்க முடியாது. விளக்குக் கம்பமும் அப்படியே. போட்டிகளில் பயன்படும் போல் 45 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, விரல்கள் ஏறக்குறைய முழுவதும் சுற்றி வரும். அப்படிப்பட்ட ஒன்றுக்குத் தமிழன் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர் கம்பி. நாம் தேடிக்கொண்டிருந்த சொல்லை அந்த நடத்துநர் தினமும் நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கம்பி எண்ணுவது, கம்பி நீட்டுவது என்ற வழக்குகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். சன்னல் கம்பி என்றால் யாருக்கும் சிறை நினைவுக்கு வருவதில்லை. மெல்லிய மின்கம்பியும் கம்பிதானே என்றால், ஆம், ஆனால் அதில் யாரும் தொங்குவதில்லை. சுழலும் வகைக்குச் சுழல்கம்பி, சுழலாததற்கு நிலைக்கம்பி என்று பிரிக்கவும் சுலபம். தூணை வைத்துச் ‘சுழல்தூண்’ என்று சொல்லிப் பாருங்கள், கட்டடமே சுற்றுகிற மாதிரி இருக்கும்.

நட்ட மரக் கம்பத்தில் ஏறிச் செய்யும் வித்தையான விழுப்புரத்து மல்லர் கம்பத்தின் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தையும் கவனமாகப் படித்தேன். அந்தப் பிள்ளைகளின் காணொளிகளைப் பார்த்து நான் வியக்காத நாள் இல்லை. ஆனால் அது மரம். அடியில் பருத்து மேலே மெலிவது, விளக்கெண்ணெய் பூசியது, அசையாமல் நிற்பது. எங்களுடையது வழவழப்பான உலோகம், அதில் எண்ணெய் பட்டால் பயிற்சி முடிந்தது. தோல் நேரடியாக உலோகத்தில் ஒட்டினால்தான் உடல் நிற்கும். அதனால்தான் கால்சட்டை அவ்வளவு குட்டையாக இருக்கிறது (இதைக் கேட்டு முகம் சுளித்த உறவினர்களுக்கு நான் பல முறை விளக்கியாகிவிட்டது). ஜனவரி, பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழியும்போது சாக்கட்டித் தூள் இல்லாமல் ஒரு சுற்றுக்கூட வராது. பிடிக்கிற விதமே வேறு என்பதால் பிடிகளின் பெயரும் வேறாக வேண்டியிருக்கிறது.

சரி, இவ்வளவு தூரம் இதற்காக ஏன் மெனக்கெட வேண்டும்? இங்கே கத்ர் போர்ன் பக்கம் ஒரு சிறிய கூடத்தில் நாங்கள் ஆறு பெண்கள் பழகுகிறோம். ஐந்து பேர் என்னிடம் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். வீட்டில் எங்கள் பேச்சு கிரியோல். தமிழ் எங்களுக்குப் பரீட்சைக்கும் பூசைக்கும் என்று ஆகிவிட்டது. ரூபாய்த் தாளில் தமிழ் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போராடி, 1998இல் அச்சான தாள்களையே திரும்பப் பெற வைத்த ஊர் இது. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் தமிழை எண்ணிச் சொல்லிக் காசு கொடுக்கிற கடை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அதனால்தான் அந்தப் பெண்கள், “வகுப்பைத் தமிழில் நடத்தலாமே, மிஸ்” என்று கேட்டபோது என் கண் கலங்கியது. உடம்பு வியர்க்கும்போது வாயில் வருகிற மொழிதான் உயிரோடு இருக்கிற மொழி என்று நான் நம்புகிறேன்.

ஆனால் முதல் மாதமே ஒரு விபத்து. என் அண்ணன் மகள் தலைகீழாக ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டிருந்தாள். மடக்கியிருந்த முழங்கால் நழுவுவதைப் பார்த்து “விடாதே!” என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது ‘விடு’ மட்டும். விட்டுவிட்டாள். கீழே தடித்த மெத்தை இருந்தது, மணிக்கட்டுப் பிசகோடு போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில்தான் வருகிறது. விடு, விடாதே. இறங்கு, இறங்காதே. ஆபத்தில் காது முதல் எழுத்தைத்தான் பிடிக்கும். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ‘-ஆதே’ என்று முடியும் எந்தச் சொல்லும் கிடையாது. ‘பிடி’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை இந்தக் குழுவின் முதல் விதியாகவே வைக்கும்படி கேட்கிறேன்: கூவிச் சொன்னால் தவறாகக் கேட்க வாய்ப்புள்ள சொல், எவ்வளவு அழகானாலும் வேண்டாம்.

அதிலிருந்துதான் என் அடுத்த கருத்து. அசைவின் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்க்காமல், எந்த உறுப்பு உடலைத் தாங்குகிறதோ அதை வைத்துப் பெயரிடுவோம். தலைகீழாக ஒற்றைக்காலில் தொங்கும் ‘ஜெமினி’, ‘ஸ்கார்ப்பியோ’ என்ற இரண்டு அசைவுகளையும் மிதுனம், விருச்சிகம் என்று இந்த இழையில் மாற்றியிருக்கிறார்கள். ஜாதகம் பார்க்க உதவும். ஆனால் எந்தக் கால் மடங்க வேண்டும் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை. வருடக்கணக்கில் பழகியவர்களே இவை இரண்டையும் மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேறுபாடு ஒன்றுதான்: கம்பிக்கு அருகில் இருக்கும் காலால் தொங்குகிறோமா, தள்ளி இருக்கும் காலாலா. எனவே உட்கால் தொங்கல், வெளிக்கால் தொங்கல். ‘புறக்கால்’ என்று முதலில் எழுதியிருந்தேன். புறங்கால் என்பது பாதத்தின் மேற்புறம் ஆயிற்றே என்று மதுரை அக்கா சுட்டிக்காட்டினார். மாற்றிவிட்டேன்.

பிள்ளைகள் இந்தத் தொங்கலுக்கு ‘வௌவால்’ என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் லிச்சி பழுக்கும் காலத்தில் மரமெல்லாம் பழந்தின்னி வௌவால் தொங்கும், அதைப் பார்த்து வந்த பெயர். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘வெளிக்கால் வௌவால்’ என்று அவசரத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு பின்னிக்கொள்ளும். கூடத்துக்குள் அது செல்லப் பெயராகவே இருக்கட்டும்.

பிடிகளுக்குத் தமிழில் எவ்வளவு வளம் இருக்கிறது என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கக்கத்தில் ‘இடுக்கிக்கொள்’ என்கிறோம். அந்த இடுக்கு என்ற ஒரு சொல்லுக்குள் அழுத்தம், இடம், விடாமை மூன்றும் இருக்கின்றன. ஆகவே கக்க இடுக்கு, தொடையிடுக்கு. கம்பியில் தொடையால் உட்கார்வதற்கு ‘இருக்கை’ என்று எழுதியிருந்தீர்கள். உட்காருவது அங்கே விளைவு மட்டும், வேலை செய்வது இடுக்கு. புதிதாக வருகிறவளிடம் “உட்கார்” என்றால் இடுப்பைத் தளர்த்திவிடுவாள், வழுக்கிக் கீழே வருவாள். “தொடையிடுக்கு” என்றால் தொடையை நெருக்குவாள். இதை நான் மூன்று பேரிடம் சோதித்துப் பார்த்தேன்.

மேல்கையை உள்பக்கம் திருகிப் பிடிப்பது முறுக்குப்பிடி. இரண்டு கையும் தள்ளிவைத்துப் பிடிக்கும்போது மேல்கை இழுக்கிறது, கீழ்க்கை தள்ளுகிறது. அதனால் அதற்கு இழுதள்ளு என்று வைத்திருக்கிறேன், இலக்கணம் அறிந்தவர்கள் திருத்தலாம். பாதங்களால் கவ்வி மேலே ஏறுவதற்குத் தளையேற்றம். பனையேறிகள் காலில் மாட்டும் தளையிலிருந்து எடுத்தேன். எங்கள் பாதமே அங்கே தளையாகிறது. சிலம்பம் பழகியவர்கள் சொல்லும் ‘பூட்டு’ என்ற சொல்லைத் தொடைகள் குறுக்கே மாட்டி உடலை நிறுத்தும் அசைவுகளுக்கு வைக்கலாம். அப்படிச் செய்தால் ‘குருசிஃபிக்ஸ்’ என்ற அசைவுக்குச் ‘சிலுவை’ என்ற மொழிபெயர்ப்பைத் தவிர்க்கலாம். எங்கள் தீவில் கத்தோலிக்கத் தமிழர்கள் உண்டு, வணங்குகிற ஒன்றைப் பயிற்சிப் பெயராக்க வேண்டாம். ‘கைவிரிப்பு’ என்று ஒருவர் சொன்னார். தமிழில் கைவிரித்தல் என்றால் உதவ முடியாது என்று சொல்லிவிடுவது. தலைகீழாகத் தொங்குகிறவளிடம் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

‘ஃபயர்மேன்’ சுற்றுக்கு ‘தீயணைப்பாளர் சுழற்சி’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 1878இல் சிகாகோ தீயணைப்பு நிலையத்தில் மரக் கம்பம் வழியாகச் சறுக்கி இறங்கும் வழக்கம் தொடங்கியது, பெயர் அங்கிருந்து வந்தது. அந்தக் காட்சி நம் நினைவில் இல்லை. இரண்டு முட்டியாலும் கம்பியை இடுக்கிச் சுற்றுகிறோம், முட்டிச்சுற்று போதும்.

ஆட்பெயரில் இருக்கும் அசைவுகளைத் தொட வேண்டாம். அயேஷா, ஜேட், அலெக்ரா அப்படியே இருக்கட்டும். 2016இல் ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தீபா கர்மாகர் நான்காவது வந்தபோது, ஒரு வீராங்கனையின் பெயரால் அமைந்த அந்தத் தாவலைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘புரோடுனோவா’ என்றே எழுதின, படித்தவர்களுக்கும் புரிந்தது.

கடைசியாக, ‘நடனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘கம்பி உடற்பயிற்சி’ என்றால் கௌரவமாக இருக்கும் என்ற வாதம். இது மதுக்கூடங்களில் வளர்ந்த ஆட்டம், அந்த நாற்றம் பெயரில் வேண்டாம் என்று எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் இந்தச் சுற்றுகளையும் ஏற்றங்களையும் கண்டுபிடித்து, உடம்பில் காயம் வாங்கி, எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த மதுக்கூடப் பெண்கள்தான். நம் மொழிக்கு இது புதிய அனுபவமில்லை. 1932இல் சென்னை மியூசிக் அகாடமியில், தேவதாசிகள் ஆடிவந்த ஆட்டத்துக்குச் சதிர் என்ற பெயரை விட்டுப் பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றார்கள். கலை மேடை ஏறியது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களோ, பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, மேடைக்கு வெளியே நின்றார்கள். பெயரைக் கழுவும்போது ஆட்களும் சேர்ந்து கழுவப்பட்டுவிடுகிறார்கள். அதில் என் பங்கு இருக்கக் கூடாது. உடற்பயிற்சியாக மட்டும் செய்கிறவர்கள் ‘கம்பிப் பயிற்சி’ என்று சொல்லிக்கொள்ளட்டும், தடையில்லை. ஆடுகிறவர்களுக்கு அது கம்பி நடனம்.

வருகிற சனிக்கிழமை வகுப்பில் இந்தச் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகப் போகிறோம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உட்கால், வெளிக்கால், தொடையிடுக்கு, முறுக்குப்பிடி, இந்த நான்கையும் உங்கள் ஊர் உச்சரிப்பில், விசிறியோ பாட்டோ ஓடும் அறையில், பத்தடி தள்ளி நிற்கும் ஒருவரிடம் கூவிச் சொல்லிப் பாருங்கள். எதை வேறாகக் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், ‘விடு’வுக்குப் பதிலாக ஒரு சொல் இன்னும் தேவைப்படுகிறது. கையை மட்டும் எடு, கால் இருக்கட்டும் என்பதை ஒரே சொல்லில், ‘வி’யில் தொடங்காமல்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து உங்கள் தங்கை